கடைசி வரியில் கிடந்த எச்சரிக்கை
(கணிப்பொறிப் பாடம்)

பிள்ளையார்பாளையம் பக்கமிருந்து வரும் மாணவிகளுக்குத் தறியைப் பற்றி நான் எதுவும் சொல்லித் தர வேண்டியதில்லை. நடக்கப் பழகும் முன்பே தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். மற்ற மாணவிகளுக்காக இரண்டே வரி சொல்கிறேன். சேலையின் கரையிலும் முந்தானையிலும் அன்னமும் மயிலும் வருவதற்குத் தறியின் மேலே ஜக்கார்டுப் பெட்டி ஒன்று இருக்கும். துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டு ஒவ்வொன்றாக அதில் திரும்பும். துளை இருக்கும் இடத்தில் கொக்கி எழும்பும். கொக்கி எழும்பினால் பாவு இழை எழும்பும். அதன் அடியில் ஜரிகை ஓடும். அவ்வளவுதான்.

பெட்டிகளில் 120 கொக்கி உண்டு, 240 கொக்கி உண்டு. 240 கொக்கிக்கு அடித்த அட்டைக் கட்டை 120 கொக்கிப் பெட்டியில் மாட்ட முடியாது. இப்பொழுது ஒரு கேள்வி. ஓர் அட்டைக் கட்டை வேறொரு வீட்டுத் தறிக்குக் கொடுத்து அனுப்புகிறீர்கள். ‘இது 240 கொக்கிக்கு மட்டும்’ என்று அதில் எழுத வேண்டும். எந்த அட்டையில் எழுதுவீர்கள்?

வகுப்பில் இதைக் கேட்டபோது எல்லாரும் ஒரே குரலில், “முதல் அட்டையில், மிஸ்!” என்றார்கள். இவ்வளவு எளிய செய்தியைக் கணிப்பொறி உலகம் பல ஆண்டுகள் கடைசி அட்டையில் எழுதி வந்திருக்கிறது. நானும் அப்படித்தான் எழுதினேன். அதனால் நேர்ந்ததைச் சொல்வதே இக்கட்டுரை.

மென்பொருள் எழுதுவோர் ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப எழுதுவதில்லை. ஒரு முறை எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். அதற்குச் செயற்கூறு என்று பெயர் என்பதை மேனிலை மாணவிகள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வேண்டும்போது பெயரைச் சொல்லி அழைத்தால் போதும், வேலை நடந்துவிடும். எழுதியவர் ஒருவர், பயன்படுத்துபவர் ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேரும் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அவர்கள் நம்புவது கூடவே வைத்திருக்கும் விளக்கக் குறிப்பைத்தான். எதைக் கொடுக்க வேண்டும், எது திரும்பக் கிடைக்கும், எந்த நிலையில் தவறாகப் போகும் என்று அக்குறிப்பு சொல்ல வேண்டும். முதலிரண்டையும் எல்லாரும் நன்றாக எழுதிவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் தொல்லை.

சென்ற கல்வியாண்டில் ஒரு கண்காட்சிக்காக மாணவிகளின் பெயர்ச் சீட்டுகளை அச்சிட வேண்டியிருந்தது. சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு சீட்டு அது. ஏழு எழுத்துக்கு மேல் இடமில்லை. நீளமான பெயர்களைச் சுருக்குவதற்காக நான் பைத்தான் மொழியில் ஒரு சிறிய செயற்கூறு எழுதி வைத்திருந்தேன். பைத்தானின் இன்றைய பதிப்புகளில் செயற்கூற்றுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதனால் ‘பெயர்_வெட்டு’ என்று வைத்தேன். அதற்கு இரண்டு பக்க விளக்கமும் எழுதிக் கணிப்பொறி அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். அந்தத் தாளின் தொடக்கமும் முடிவும் இப்படி இருந்தன:

பெயர்_வெட்டு(பெயர், அளவு)
கொடுத்த பெயரை வேண்டிய அளவுக்குச் சுருக்கித் தரும்.
எடுத்துக்காட்டு: பெயர்_வெட்டு(“மரகதம்”, 7) தருவது: மரகதம்
(இதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட வரிகள்.)
குறிப்பு: இச்செயற்கூறு யூனிகோடு குறிகளின் அடிப்படையில் இயங்குவதால் சில பெயர்களில் எதிர்பாராத விளைவு ஏற்படலாம்.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைப் பயன்படுத்தினாள். மிகவும் பொறுப்பான பெண். மரகதம், வசந்தா, அமலா என்று மூன்று பெயர்களைக் கொடுத்துச் சோதித்தும் பார்த்தாள். மூன்றும் சரியாக வந்தன. அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

கண்காட்சி முடிந்த மாலையில், மேசை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் சட்டையில் ‘காமாட்ச’ என்று இருப்பதைக் கண்டேன். காலையிலிருந்து அப்படியே நின்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லியிருக்கிறாள். “ஏம்மா, யார்கிட்டயும் சொல்லலையா?” என்று கேட்டேன். “மெஷின்ல அவ்வளவுதான் இடம்னு நெனச்சேன் மிஸ்” என்றாள். அவள் வீட்டில் கணிப்பொறி தொட்ட முதல் ஆள் அவள்தான். இயந்திரம் தப்புச் செய்யும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை; தன் பெயர்தான் பெரிது என்று எண்ணியிருக்கிறாள்.

சிதறிக் கிடந்த சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். கீர்த்தி ‘கீர்த்த’ ஆகியிருந்தாள். கிறிஸ்டினா ‘கிறிஸ்ட’ என்று நின்றுபோயிருந்தாள். உதவிக்கு வந்திருந்த பாட்டி ஒருவரின் பெயர் சூசையம்மாள், சீட்டில் ‘சூசையம்’. வெட்டுப்பட்டதே தெரியாதபடி அது ஒழுங்காக முடிந்திருந்ததால் அதை ஒருவருமே கவனிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவற்றில் எந்தப் பெயரும் ஏழு எழுத்தைத் தாண்டவில்லை. காமாட்சி நான்கே எழுத்து. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அப்படியிருக்க எதற்காக வெட்டுப்பட்டது?

யூனிகோடு என்னும் உலகப் பொது எழுத்து முறையில் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடையாது. உயிரெழுத்துகளுக்கும், அகரம் ஏறிய மெய்களுக்கும், ஆய்தத்துக்கும் எண் உண்டு. அப்புறம் துணைக்கால், கொம்பு, விசிறி, புள்ளி இவற்றுக்குத் தனித்தனி எண். ‘கா’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணிப்பொறிக்குக் ‘க’ ஒன்று, துணைக்கால் ஒன்று, ஆக இரண்டு குறி. அந்தக் கணக்கில் காமாட்சி எட்டுக் குறி. ஏழோடு வெட்டினால் கடைசி விசிறி போய்விடும். கிறிஸ்டினாவுக்கு ஐந்து எழுத்து, பத்துக் குறி. மரகதமோ ஆறே குறி, தப்பித்தாள். சோதனைக்கு எடுத்த மூன்று பெயர்களும் ஏழுக்குள் அடங்கியவை. (ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே எண் என்ற டேஸ்-16 முறையும் இருக்கிறது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு அதையும் தரமாக அறிவித்தது. எனினும் கைப்பேசியிலும் இணையத்திலும் நடைமுறையில் இருப்பது யூனிகோடே.)

இது எனக்குத் தெரியாத செய்தி அன்று. தெரிந்துதான் அந்தக் கடைசிக் குறிப்பை எழுதினேன். அச்சிட்ட மாணவியோ அழுதுகொண்டே, “நான் படிச்சிருக்கணும் மிஸ்” என்றாள். அவள் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் என் தாளை எப்படிப் படித்திருப்பாள் என்று தெரிந்துகொள்ள, அடுத்த சில நாட்கள் மற்ற மாணவிகள் சுவர்த் தாளைப் பார்ப்பதை ஓரமாக நின்று கவனித்தேன். எல்லாருடைய விரலும் ஒரே வழியில்தான் போயிற்று. முதலில் பெயர், பிறகு முதல் வரி, அங்கிருந்து நேரே எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுவார்கள். வந்த வேலை முடிந்துவிட்டது. குற்றம் சொல்ல இயலாது. அம்மாவிடம் சாம்பாருக்குப் பெருங்காயம் எவ்வளவு என்று கேட்கும்போது சமையல் புத்தகம் முழுவதையுமா வாசிக்கச் சொல்கிறோம்?

என் குறிப்பில் இன்னொரு கோளாறும் இருந்தது. ‘சில பெயர்களில்’, ‘எதிர்பாராத விளைவு’, ‘ஏற்படலாம்’. மூன்றும் மூடுபனி. எந்தப் பெயர்களில்? யார் எதிர்பாராதது? நான் எதிர்பார்த்துத்தானே எழுதினேன்! ஒருவேளை அந்தக் குறிப்பை அவள் படித்திருந்தாலும் காமாட்சியின் பெயர் தப்பியிருக்காது. எழுதியவரின் மனச்சாட்சியைத் தணிக்கும் எச்சரிக்கை வேறு, படிப்பவரின் கையைத் தடுக்கும் எச்சரிக்கை வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

என்னைவிடப் பெரியவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். பைத்தான் மொழியிலேயே நீளத்தை எண்ணித் தரும் ‘லென்’ என்ற செயற்கூறு இருக்கிறது. அதன் விளக்கத்தின் முதல் வரி, கொடுத்த பொருளில் எத்தனை உறுப்புகள் உள்ளன என்று சொல்லும் என்பதே. சரத்தின் உறுப்பு எழுத்தா, யூனிகோடு குறியா? அதற்கு விடை வேறொரு பக்கத்தில், சரங்களைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. பொய் எதுவும் இல்லை. ஆனால் ‘லென்’ பக்கத்துக்கு வந்த தமிழ்ப் பிள்ளை அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று எப்படி அறிவாள்? ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு எழுத்தும் குறியும் பெரும்பாலும் ஒன்றே. அவர்களுக்கு உறுத்தவே இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி வேறு வழியில் சென்றது. அங்கே எண்ணிக்கை கேட்டால், கண்ணுக்குத் தெரியும் எழுத்தைத்தான் எண்ணும். காமாட்சிக்கு நான்கு என்றே விடை வரும்.

யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையின் கையேடு 1971-இல் வெளிவந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி இருவரும் அதை எழுதினார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் அடியில் ‘பிழைகள்’ என்று ஒரு தலைப்பு. நம் பொருளில் இன்ன குறை இருக்கிறது என்று தாமே எழுதிவைத்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தலைப்பு நின்ற இடம் பக்கத்தின் அடி. மேலிருந்து படிப்பவர் அங்கு வந்து சேரும்முன் வேலை முடிந்திருக்கும்.

அந்த உலகில் பிறந்த ஒரு செயற்கூற்றின் கதையைக் கேளுங்கள். சி மொழியில் ‘கெட்ஸ்’ என்று ஒன்று இருந்தது. தட்டச்சு செய்யும் ஒரு வரியை வாங்கி, நாம் காட்டிய இடத்தில் கொட்டி வைக்கும். அந்த இடம் எவ்வளவு பெரிது என்று அதற்குத் தெரியாது, சொல்லவும் வழியில்லை. ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் ஒரு மரக்கால் அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும்? வழிந்து பக்கத்தில் இருப்பதையெல்லாம் மூடும். கணிப்பொறியில் அப்படி வழிவது வெறும் அரிசி அன்று. தீய எண்ணம் கொண்டவர் அந்த வழிசலையே கட்டளையாக மாற்றிவிட இயலும். 1988 நவம்பர் 2-ஆம் நாள் ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் வெளியே விட்ட ‘புழு’ நிரல் புகுந்த வழிகளில் ஒன்று இதுவே. ஏறக்குறைய 6,000 கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

இன்று லினக்ஸ் கையேட்டில் கெட்ஸின் பக்கத்தைத் திறந்தால், விளக்கத்தின் முதல் வாக்கியமே இதை ஒருபோதும் பயன்படுத்தாதே என்பதுதான். என்ன செய்யும் என்று சொல்வது அதற்குப் பிறகு. பதிலாக எதைப் பயன்படுத்துவது என்றும் அப்பக்கம் சொல்கிறது. அது போதாதென்று, பக்கத்தைத் திறக்காதவருக்காகவும் ஓர் ஏற்பாடு உண்டு: கெட்ஸை அழைத்து ஒரு நிரல் எழுதினால், அதைக் கோத்துத் தரும் கருவியே ‘இது ஆபத்தானது’ என்று திரையில் சொல்லும். இறுதியில் 2011-இல் சி மொழியின் தரவரையறையிலிருந்தே கெட்ஸ் நீக்கப்பட்டது. அடியில் இருந்த குறிப்பு மேலே ஏறி, அங்கிருந்து கருவிக்குள் புகுந்து, கடைசியில் குறிப்பே தேவைப்படாமல் போயிற்று. எச்சரிக்கையை இதைவிட நன்றாக வடிவமைக்க யாராலும் இயலாது.

மேலே ஏற்றாமல் விட்டதன் விலை எவ்வளவு என்பதற்கு வானத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1996 ஜூன் 4-ஆம் நாள் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ தளத்திலிருந்து ஏரியான்-5 என்ற ஐரோப்பிய ராக்கெட் முதல் முறையாகப் பறந்தது. நாற்பது விநாடிக்குள் சிதறிப்போயிற்று. பழைய ஏரியான்-4 ராக்கெட்டுக்கு எழுதிய நிரலின் ஒரு பகுதியை அப்படியே இதிலும் வைத்திருந்தார்கள். பக்கவாட்டு வேகம் தொடர்பான ஒரு பெரிய எண்ணை அது சிறிய எண்ணாக மாற்றும். அந்தச் சிறிய எண்ணுக்கு 32,767 வரைதான் இடம். ஏரியான்-4-இன் வேகத்தில் அது ஒருநாளும் தாண்டாது என்று கணக்கிட்டு, தாண்டினால் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டார்கள். ஏரியான்-5 அதைவிட வேகமாகப் பாய்ந்தது, தாண்டியது. விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் ஒன்றை நான் மாணவிகளிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ‘தாண்டாது’ என்ற அந்த எண்ணம் இரகசியமன்று. கூடிப் பேசி ஒப்புக்கொண்டதுதான். ஆனால் அது நிரலின் பக்கத்தில் எழுதப்படவில்லை. மலைபோல் குவிந்த ஆவணங்களுக்குள் யாரும் வேண்டுமென்றே மறைக்காமல் தானே மறைந்துவிட்டது. 240 கொக்கி அட்டைக் கட்டுத்தான்!

அப்படியானால் எச்சரிக்கைகளையெல்லாம் பெரிய எழுத்தில், சிவப்புக் கட்டத்தில் போட்டுவிட்டால் போதுமே என்று கேட்கலாம். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பெயர்_வெட்டு தாளை எடுத்து, ஏழு இடங்களில் சிவப்புக் கட்டம் போட்டேன். பெயர் காலியாக இருந்தால், இடைவெளி இருந்தால், ஆங்கிலம் கலந்தால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். தலைமைச் சகோதரி பார்த்துவிட்டு, “இது என்ன, உடம்பு முழுக்க ஜரிகை போட்ட சேலையா? கரை எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் என் சிவப்பு மை தீர்ந்தது. சேலையில் உடல் அடங்கியிருந்தால்தான் கரை எடுப்பாகத் தெரியும். ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டம் என்றும், பயன்படுத்துபவருக்கு நிச்சயமாகத் தீங்கு நேரும் இடத்துக்கு மட்டுமே அது என்றும் வைத்துக்கொண்டேன். மற்றவை சாதாரண வரிகளாக உரிய இடத்தில் இருக்கட்டும்.

நிறமும் அளவும் மட்டும் கண்ணைப் பிடித்து நிறுத்தாது என்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 1998-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பென்வே, லேன் என்ற இருவர், சிலரிடம் கணிப்பொறிப் பக்கங்களில் ஒரு செய்தியைத் தேடச் சொன்னார்கள். அந்தச் செய்தி பெரிய, பளிச்சென்ற பட்டையிலேயே இருந்தது. தேடியவர்களோ அதைத்தான் அடிக்கடி தவறவிட்டார்கள். விளம்பரம்போல் தெரிவதைக் கண் தானாகவே ஒதுக்கிவிடுகிறது. ஆதலால் கட்டம் போட்டாலும் அது ஓரத்தில் நிற்கக் கூடாது. வரிகளின் ஓட்டத்திலேயே, விரல் போகும் வழியிலேயே நிற்க வேண்டும். நிறம் பிரித்தறிய இயலாதவர்களும், திரையை வாசித்துச் சொல்லும் கருவியை நம்பும் பார்வையற்றவர்களும் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சிவப்பு என்ன சொல்லும்? ‘எச்சரிக்கை’ என்ற சொல்லையே எழுதிவிட வேண்டும்.

பெற்றோருக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். மருந்துக் கடையில் வாங்கும் சில மாத்திரை அட்டைகளின் பின்புறம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் உண்ணக் கூடாது என்பது அதன் பொருள். 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் இதற்காக ஓர் இயக்கமே நடத்தியது. வகுப்பில் அந்தக் கோட்டைப் பார்த்தவர்கள் யார் என்றேன். பல கைகள் எழுந்தன. பொருள் என்ன என்றேன், கைகள் இறங்கிவிட்டன. கண்ணில் படுவது பாதி வழிதான். மீதிப் பாதியை வாக்கியம்தான் கடக்க வேண்டும்.

நல்ல எச்சரிக்கைக்கு நான் காட்டும் பக்கம் பைத்தானின் ‘பிக்கிள்’ பற்றியது. பெயரே ஊறுகாய்தான்! தகவல்களைப் பதப்படுத்தி வைத்து, வேண்டும்போது மீட்டெடுக்கும் கருவி அது. அதன் பக்கத்தின் மேற்பகுதியிலேயே கட்டம் ஒன்று: இது பாதுகாப்பானதன்று, நம்பக்கூடிய இடத்திலிருந்து வந்ததை மட்டுமே திறக்க வேண்டும், இல்லையேல் அது உன் கணிப்பொறியில் எந்த நிரலையும் ஓட்டிவிடக் கூடும் என்னும் கருத்து அதில் இருக்கிறது. யார் போட்ட ஊறுகாய் என்று தெரியாமல் ஜாடியைத் திறக்காதே என்று நான் மாணவிகளுக்குச் சொல்வேன். எப்போது, என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும் என்று மூன்றும் அங்கே இருக்கின்றன. ‘ஏற்படலாம்’ இல்லை.

இதற்கு மேல்நாட்டையே பார்க்க வேண்டும் என்பதில்லை. நம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்கான செயல்முறைக் குறிப்பு அது. யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்று சொல்லும் இடத்திலேயே யார் பெயரை எழுதக் கூடாது என்பதும் வந்துவிடுகிறது: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய இன்னின்ன உறவினரும் கூடாது. விலக்குகளைப் பின்சுவரில் வெட்டவில்லை. 919-இல் ஒரு கல்வெட்டு. 921-இல் இன்னொன்று, திருத்தத்தோடு. முதலதில் வயது வரம்பு 30 முதல் 60. அடுத்ததில் 35 முதல் 70. இரண்டிலும் அரசனின் ஆட்சியாண்டு குறிக்கப்பட்டிருப்பதால் எது பிந்தியது என்று குழப்பமில்லை. தேதியில்லாமல் தாள் ஒட்டும் என்போன்றவர்கள் ஒருமுறை சென்று பார்த்துவிட்டு வரலாம்.

துளையட்டையிலிருந்து கணிப்பொறிக்கு வந்த பாதையில் ஒரு பெண்மணியையும் குறிப்பிட வேண்டும். பிரான்சில் ஜக்கார்டு 1804-இல் அமைத்த தறியின் அட்டையைக் கண்டுதான் சார்லஸ் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்குத் துளையட்டையை எண்ணினார். அப்பொறியைப் பற்றி ஏடா லவ்லேஸ் 1843-இல் ஏழு குறிப்புகள் எழுதினார். இப்பொறி தானாக எதையும் படைக்காது, நாம் சொல்லத் தெரிந்ததைத்தான் செய்யும், மிகையாக எண்ணிவிடாதீர்கள் என்ற பெரிய எச்சரிக்கை அவற்றில் இருக்கிறது. ஏழாவது குறிப்பின் தொடக்கத்தில்! முதல் குறிப்பில் வைத்திருக்கலாமே என்று எனக்கு ஓர் ஆசை. எனினும் அக்குறிப்பின் தலைப்பகுதியில்தான் வைத்தார், அடியில் போடவில்லை. நம்மவர் என்ற உரிமையில் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, என் தாளுக்கு வருவோம். அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்:

பெயர்_வெட்டு(பெயர், குறி_எண்ணிக்கை)
பெயரின் முதல் சில யூனிகோடு குறிகளை மட்டும் தரும், எழுத்துகளை எண்ணாது.
எச்சரிக்கை: தமிழ்ப் பெயரை எழுத்தின் நடுவில் வெட்டிவிடும். அச்சுக்குப் போகும் பெயருக்கு எழுத்து_வெட்டு என்பதைப் பயன்படுத்துக.
எடுத்துக்காட்டு: பெயர்_வெட்டு(“காமாட்சி”, 7) தருவது: காமாட்ச

மாறியவை எவை என்று பாருங்கள். அடைப்புக்குள் ‘அளவு’ என்று இருந்தது ‘குறி_எண்ணிக்கை’ ஆயிற்று. விளக்கத்தையே படிக்காமல் பெயரை மட்டும் பார்ப்பவளுக்கும் ஓர் உறுத்தல் ஏற்படும். வரம்பு முதல் வரியிலேயே, வேலையின் விளக்கத்தோடு ஒட்டி வந்துவிட்டது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது எடுத்துக்காட்டு. முன்பு சரியாக வரும் பெயரைப் போட்டு என் திறமையைக் காட்டினேன். இப்போது தவறாக வரும் பெயரைப் போட்டிருக்கிறேன். எல்லாக் கண்களும் போய் நிற்கும் இடம் அதுதானே? காமாட்சியிடம் கேட்டுக்கொண்டுதான் அவள் பெயரை வைத்தேன். வெட்டுப்பட்ட வடிவத்தைச் சுவரில் ஒட்டுவது அவளுக்கு வருத்தமாக இருக்குமோ என்று நினைத்தேன். அவளோ, “பெருசா போடுங்க மிஸ்” என்றாள்.

எழுத்து_வெட்டு என்ற புதிய செயற்கூற்றை மாணவிகளே எழுதினார்கள். துணைக்குறிகளையும் புள்ளியையும் முன்னால் நிற்கும் மெய்யோடு சேர்த்து ஒன்றாக எண்ண வேண்டும். அதுதான் முழு உத்தி. முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற இலவச நிரல் தொகுப்பில் எழுத்துகளைப் பிரித்துத் தரும் செயற்கூறு ஆயத்தமாகவே இருக்கிறது. ஆனாலும் ஒரு முறை கையால் எழுதிப் பார்க்கட்டும் என்று விட்டேன். அது நன்றாக ஓடத் தொடங்கியதும் பெயர்_வெட்டையே நீக்கிவிட்டோம். நான் அவ்வளவு பாடுபட்டு எழுதிய எச்சரிக்கை ஒரு மாதம்கூடச் சுவரில் இருக்கவில்லை.

புதிய செயற்கூற்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. ‘ஸ்ரீ’ என்பதை நாம் ஒன்றாக எழுதுகிறோம். எங்கள் செயற்கூறு அதை ஸ், ரீ என்று இரண்டாக எண்ணும். லக்ஷ்மியின் க்ஷவும் அப்படியே. முதல் வரியில் அதை எழுதி, ஸ்ரீமதி என்ற பெயரை எடுத்துக்காட்டாகவும் வைத்துவிட்டார்கள்.

சென்ற மாதம் காமாட்சி ஒரு பட்டியலோடு வந்தாள். அதில் ஸ்ரீதேவி என்ற ஒரே பெயர் இரண்டு முறை இருந்தது. கணிப்பொறி இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று சாதித்தது. உட்கார்ந்து பார்த்தோம். யூனிகோடில் ஸ்ரீயை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் சேர்க்கப்பட்ட வடமொழி ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம், எழுத்துரு இரண்டையும் ஒன்றுபோலவே காட்டுகிறது. தட்டச்சு செய்த இரண்டு பேர் இரண்டு விதமாக அடித்திருக்கிறார்கள். ‘கோ’வையும் அப்படி இரு விதமாக அமைக்க இயலும் என்று நான் சொன்னதும் அவள் தாளை எடுத்துக்கொண்டு சுவரருகே போனாள். எங்கே எழுதுவது என்று என்னிடம் கேட்கவில்லை. இரண்டாம் வரியைக் கீழே தள்ளிவிட்டு, முதல் வரிக்கு அடுத்தே எழுதினாள். பக்கத்தில் அன்றைய தேதியையும் போட்டாள்.